வடிவியல் அரூப ஓவியம்

வடிவியல் அரூப ஓவியம் என்பது கண்ணால் காணும் பொருள்களின் உருவங்களை வரையாமல், கோடு, சதுரம், வட்டம், முக்கோணம் முதலிய வடிவங்களையும் வண்ணங்களையும் மட்டும் கொண்டு அமைக்கப்படும் ஓவிய வகையாகும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காண்டின்ஸ்கி, மாலெவிச், மோண்ட்ரியான் ஆகியோர் இதனை வளர்த்தனர். மாலெவிச்சின் கறுப்புச் சதுரம் 1915 இல் காட்சிக்கு வைக்கப்பட்டது.

வண்ணத்தின் இயல்பு

இவ்வகை ஓவியத்தில் வண்ணம் தனித்து இயங்குவதில்லை. ஒரே சாம்பல் நிறச் சதுரம் கறுப்புப் பின்னணியில் வெளிறியும், வெள்ளைப் பின்னணியில் கருத்தும் தோன்றும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரால், நெசவுக்கூடம் ஒன்றில் கறுப்புச் சாயம் மங்கலாக உள்ளது என்ற முறையீட்டை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அடுத்திருந்த நிறங்களில் உள்ளது என்று கண்டார். இவ்விளைவைப் பற்றிய அவரது நூல் 1839 இல் வெளியானது. செம்மை, மஞ்சள் ஆகியவை முன்வருவன போலவும், நீலம் பின்வாங்குவது போலவும் தோன்றுவதால், தட்டையான பரப்பிலும் ஆழம் உண்டாகிறது. கணினித் திரையில் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் கிடைக்கும். வண்ணக் குழம்பில் அவை பழுப்பாகிவிடும். எனவே திரையில் பார்த்த ஓவியத்தை உள்ளவாறு பார்த்ததாகக் கொள்ள இயலாது.

தமிழ்நாட்டில்

சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), 1963 முதல் "சொற்களும் குறியீடுகளும்" என்ற வரிசையை வரைந்தார். கணிதக் குறிகள், சாதகக் கட்டங்கள், படிக்க இயலாத எழுத்துகள் ஆகியன அவற்றில் நிறைந்திருக்கும். அவரது முன்முயற்சியில் 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. அதன் நிறுவன உறுப்பினருள் ஒருவரான விசுவநாதன் 1968 இல் பாரிசில் குடியேறினார். இவரது ஓவியங்களில் முக்கோணமும் சதுரமும் கூர்மையான விளிம்புகளுடன் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். யந்திரங்களில் மேல்நோக்கிய முக்கோணம் சிவனையும் கீழ்நோக்கியது சக்தியையும் குறிக்கும். கே. வி. அரிதாசன் இம்மரபை நேரடியாகவே எடுத்தாண்டார்.

கோலமும் அரூபமும்

அரூப ஓவியம் மேற்கிலிருந்து வந்த இறக்குமதி என்பது பாதி உண்மையே. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் வாசல்களில் நாள்தோறும் இடப்படும் புள்ளிக்கோலம் பெரும்பாலும் எந்தப் பொருளையும் சித்திரிப்பதில்லை. புள்ளிகளும் அவற்றைச் சுற்றி வளையும் கோடுமே அதன் உள்ளடக்கம். இவ்வொழுங்கு கணினி அறிவியலாளரையும் ஈர்த்தது. கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை அணி இலக்கணங்களால் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974 இல் வெளியிட்டனர். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கீழ்வாலைப் பாறை ஓவியங்களில் செங்காவி நிறத்தில் மனித உருவங்களுடன் குறியீடுகளும் காணப்படுகின்றன.

ஆயினும் கோலத்தை அப்படியே அரூப ஓவியம் எனல் மிகை. கோலத்தின் கோடு புள்ளிகளின் விதிக்குக் கட்டுப்பட்டுத் தொடங்கிய இடத்திற்கே திரும்பும். மாலைக்குள் அழிந்தும் விடும். ஓவியரோ எங்கே நிறுத்துவது என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டும். விசுவநாதனின் முக்கோணம் சட்டத்தின் விளிம்பை ஏன் தொடவில்லை என்பதற்கு விடை தரும் இலக்கணம் ஏதும் இல்லை.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் அருங்காட்சியகத்தில் இக்காலகட்டத்தின் ஓவியங்களை நேரில் காணலாம்.