லிஸ் லெமனின் காதலர்கள்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2006 அக்டோபர் முதல் 2013 ஜனவரி வரை ஏழு பருவங்களாக ஓடிய நகைச்சுவைத் தொடர் '30 ராக்'. நியூயார்க்கில் ஒரு வாராந்தர நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தலைமை எழுத்தாளராக இருக்கும் லிஸ் லெமன்தான் அதன் நாயகி. தொடரை உருவாக்கி லிஸ்ஸாகவும் நடித்த டீனா ஃபே, 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் அதே வேலையைப் பார்த்தவர்.

தனியாக வாழ்ந்து தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்யும் நாயகி, 1970இல் தொடங்கிய 'த மேரி டைலர் மூர் ஷோ' அமைத்துக் கொடுத்த வழியில் வந்தவள். அந்தப் பழைய தொடரின் நாயகியை விவாகரத்தானவளாகக் காட்டத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் அதற்கு ஒப்புக்கொள்ளாததால், நீண்ட நாள் காதல் முறிந்தவளாக மாற்றினார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த லிஸ்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தவறான ஆளைத் தேர்ந்தெடுக்கவும், அவனிடமே திரும்பிப் போகவும், மறுபடி விட்டு விலகவும் அவளால் முடிந்தது.

தவறான அந்த ஆள் டென்னிஸ் டஃபி (டீன் வின்டர்ஸ்). எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலத்தில் பேஜர் விற்கிறான். பேஜருக்கு மறுபடி நல்ல காலம் வரும் என்று உறுதியாக நம்புகிறான். அவன் தனக்கு ஏற்றவன் இல்லை என்பது லிஸ்ஸுக்குத் தெரியும். தனியாக இருக்க நேரிடுமே என்ற பயம்தான் அவனை அவள் வீட்டில் குடியேற விடுகிறது. பிரிந்த பிறகும் பருவத்துக்குப் பருவம் அவன் வந்து நிற்பதற்குக் காரணம், அந்தப் பயம் அவளை முழுதாக விடாததுதான்.

லிஸ்ஸின் அலுவலகம் இருக்கும் கட்டடத்திலேயே வேலை செய்யும் வழக்கறிஞர் ஃப்ளாய்ட் (ஜேசன் சுடேகிஸ்) நல்லவன். காதலர் தினத்தன்று அவன் லிஸ் லெம்லர் என்பவளுக்கு அனுப்பிய பூக்கள் தவறுதலாக லிஸ் லெமன் கைக்கு வந்து சேர, அறிமுகம் தொடங்குகிறது. இந்த உறவில் வில்லன் யாரும் இல்லை, ஊர்தான் குறுக்கே வருகிறது. அவனுக்கு கிளீவ்லாந்தில் வேலை. அவளால் நியூயார்க்கை விட முடியவில்லை. 2008இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், கிளம்பும் ஃப்ளாய்டைப் பிடிக்க விமான நிலையத்துக்கு ஓடுகிறாள். கையில் இருக்கும் சாண்ட்விச்சின் சாஸைப் பாதுகாப்புச் சோதனை தாண்டிக் கொண்டுபோக முடியாது. காதலையும் விட மனமில்லை, சாப்பாட்டையும் விட மனமில்லை. அங்கேயே நின்று முழுவதையும் விழுங்கிவிட்டு ஓடுகிறாள். லிஸ் யார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சி தொடரில் வேறு இல்லை.

2009இல் வந்த பக்கத்து வீட்டு டாக்டர் ட்ரூ பேர்டின் (ஜான் ஹாம்) கதை, தொடர் செய்த கூர்மையான சமூக விமர்சனங்களில் ஒன்று. ட்ரூ பேரழகன். அதனால் உணவகத்தில் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, போலீஸ்காரர் அபராதத்தை ரத்து செய்கிறார். ஆனால் அவனுக்கு டென்னிஸ் ஆட்டம் சரியாக ஆடத் தெரியாது, மருத்துவனாக இருந்தும் தொண்டை அடைத்தவருக்கு முதலுதவி செய்யத் தெரியாது. யாரும் அவனிடம் இதைச் சொன்னதே இல்லை. அழகு ஒருவரைச் சுற்றி ஒரு குமிழியைக் கட்டிவிடுகிறது என்று தொடர் இதை விளக்குகிறது. லிஸ் உண்மையைச் சொல்லும்போது கேட்க விரும்புகிறான். ஆனால் அதைத் தாங்க முடியாமல் குமிழிக்குள்ளேயே திரும்பிவிடுகிறான். அழகான பெண்களைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்பட்ட கேலியை ஒரு ஆண் மேல் திருப்பியதில் இருக்கிறது இதன் பலம்.

2010இல் வந்த ஆங்கிலேயர் வெஸ்லி ஸ்னைப்ஸ் (மைக்கேல் ஷீன்), இருவருக்கும் வேறு ஆள் கிடைக்கப்போவதில்லை என்பதையே கல்யாணத்துக்குக் காரணமாகக் காட்டுகிறார். அவருக்குப் பின் வந்த விமானி கேரல் (மாட் டேமன்) லிஸ்ஸின் மறுபதிப்பு. ஓடுபாதையிலேயே நின்றுவிட்ட விமானத்தில் அவன் விமானி, அவள் பொறுமையிழந்த பயணி. இருவரின் பிடிவாதமும் மோதி உறவு முறிகிறது.

மேலதிகாரி ஜாக் டோனகியை (அலெக் பால்ட்வின்) லிஸ் மணக்க வேண்டும் என்று விரும்பிய ரசிகர்கள் உண்டு. தொடர் அவர்களைக் காதலர்களாக ஆக்கவே இல்லை. கடைசிப் பகுதியில் ஜாக் சுற்றிவளைத்துச் சொல்லும் அன்பும் நட்பின் அன்புதான். ஆணும் பெண்ணும் ஏழு பருவங்கள் நெருங்கிப் பழகியும் காதலர் ஆகாதது தொலைக்காட்சியில் அபூர்வம். எழுத்தாளர்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு அது.

2012இல் கிறிஸ் கிராஸ் (ஜேம்ஸ் மார்ஸ்டன்) வருகிறான். நிலையான வேலை இல்லாதவன், வேனில் ஹாட் டாக் விற்க முயல்கிறவன், ஜாக்கின் அளவுகோலில் எதற்கும் தேறாதவன். லிஸ்ஸுக்கோ அவனிடம் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பான பகுதியில், 'ஸ்டார் வார்ஸ்' இளவரசி லேயாவின் வெள்ளை உடையில் அவனை மணக்கிறாள். இருவரும் ஒரு சிறுவனையும் சிறுமியையும் தத்தெடுக்கிறார்கள். தொடக்கத்தில் கிறிஸ் வேலைக்குப் போகிறான், லிஸ் வீட்டில் இருக்கிறாள். இருவருக்கும் அது ஒத்துவரவில்லை. கடைசியில் பிள்ளைகளை கிறிஸ் பார்த்துக்கொள்ள, லிஸ் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள்.