இறால் வீடு மாற்றும் நாள்

மாஹிமில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கிராஃபோர்ட் மார்க்கெட்டில் 10 சிவப்பு இறால் வாங்கித் தொட்டியில் விட்டோம். நேற்று ஒன்று செத்துக் கிடந்தது. எண்ணிப் பார்த்தால் பத்தும் உயிரோடு இருக்கின்றன. இது எப்படி?"

கிடந்தது இறாலின் சட்டை. பார்த்தவுடனே சொல்லிவிடலாம். செத்த இறால் வெளுத்து மங்கிக் கிடக்கும். உரித்த சட்டைக்குள் ஒன்றும் இராது, மறுபக்கம் தெரியும். தலைப்பகுதி ஓடு வயிற்றோடு சேரும் இடத்தில், முதுகுப் பக்கம் வெடித்திருக்கும். மீசைகளும் கால்களும்கூட வெற்று உறைகளாக அப்படியே இருக்கும்.

இறால் சட்டை உரிப்பது மும்பையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். அவர்களுக்கு 11 மாத ஒப்பந்தம். இளம் இறாலுக்குச் சில நாள், வளர்ந்த இறாலுக்குச் சில வாரம். காலி செய்வதற்கு முன் மின்விசிறி, குழல்விளக்கு, துணிக்கொடி எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளும் குடித்தனக்காரரைப் போல, இறால் பழைய ஓட்டில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதியைக் கரைத்து இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. பழைய சுவருக்கு உட்புறமே புதுச் சுவர் எழும்புகிறது, மெல்லியதாக, மடிப்பு மடிப்பாக. பிறகு தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்ப வைக்கிறது. பழைய சுவர் வெடிக்கிறது; துள்ளி வெளியே வந்துவிடுகிறது. புது வீடு ஒரு சுற்றுப் பெரிது. ஆனால் பூச்சு காயவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. அதனால்தான் சட்டை உரித்த இறால் பாசிக்குள் ஒளிந்துகொள்கிறது. பழைய வீட்டில் நின்றுபோன டெபாசிட்டையும் விடாது: ஓட்டைத் தின்று மீதிச் சுண்ணாம்பை வசூலிக்கும். ஆகவே அந்த ஓட்டை எடுத்து எறிந்துவிடாதீர்கள்.

வெளி ஓடு மட்டும் போவதில்லை. செவுள்களின் மேலுறை, இரைப்பையில் இரையை அரைக்கும் பற்கள் எல்லாம் கழன்றுவிடுகின்றன. என்னை மிகவும் வியக்க வைப்பது மணல்தான். பல இறால் வகைகளுக்குச் சிறிய மீசையின் அடியில் ஒரு நுண்ணிய குழி உண்டு. அதற்குள் மணல் துகள்கள். அவை எந்தப் பக்கம் அழுத்துகின்றனவோ, அந்தப் பக்கம்தான் இறாலுக்குக் கீழ். சட்டையோடு சேர்ந்து அந்த மணலும் போய்விடும். ஒவ்வொரு முறையும் தரையில் இருந்து புது மணலைச் சேர்த்துக்கொண்டுதான் இறால் மேல் எது, கீழ் எது என்று மறுபடி தெரிந்துகொள்கிறது.

வரலாற்றில் இருந்து ஒன்றே ஒன்று. 1893-இல் வியன்னா ஆய்வாளர் அலாய்ஸ் கிரைடல், சட்டை உரித்த இறால்களுக்கு மணலுக்குப் பதில் இரும்புத்தூளை வைத்தார். மேலே காந்தத்தைக் காட்டியதும் அவை மல்லாந்துகொண்டன. குழியின் வேலை என்ன என்பது அதில் தெளிவாயிற்று.

இனி கடை. 'பிளடி மேரி', 'ப்ளூ டிரீம்' என்று பெயருக்கொரு விலை சொல்வார்கள். இரண்டும் நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனத்தின் நிறவகைகள். கலந்து வளர்த்தால் சில தலைமுறைகளில் காட்டு மூதாதையின் பழுப்பு திரும்பிவிடும். 'இறால் மினரல்' பாட்டிலுக்கும் அவசரப்பட வேண்டாம். மும்பைக் குழாயில் வருவது பாத்சா, தான்சா, வைதர்ணா ஏரிகளில் தேங்கிய மழைநீர். அதில் சுண்ணாம்பு குறைவு என்பது உண்மை. பறவைத் தீவனக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஒரு துண்டு போட்டால் கால்சியம் கிடைத்துவிடும். உண்மையில் பயப்பட வேண்டியது செம்பு கலந்த மீன் மருந்துக்கு. மீனைக் காப்பாற்றும் அளவே இறாலைக் கொன்றுவிடும்.

நண்டு வாங்கும் ஆசையும் பலருக்கு உண்டு; ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 2016-இல் சமீர் குமார் பதி, தேஜஸ் தாக்கரே, அனில் கைரே ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து 5 புதிய நன்னீர் நண்டு இனங்களை விவரித்தார்கள். செய்தித்தாள்கள் நிறத்தையும் பெயரையும் கொண்டாடின. எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் பிள்ளைப்பேறு. கடல் நண்டின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து ஊர் ஊராகப் போகும். நன்னீர் நண்டுக்கு அந்தப் பருவமே கிடையாது. முட்டையில் இருந்து குட்டி நண்டாகவே வெளிவந்து தாயின் வயிற்று மடிப்பில் ஒண்டிக்கொள்ளும். அதனால் பல இனங்கள் ஒரு சில குன்றுகளோடு நின்றுவிடுகின்றன. அங்கே பை நிறையப் பிடித்துக்கொண்டு போனால், வேறு இடத்தில் இருந்து வந்து அந்தக் குறையை நிரப்ப யாரும் இல்லை.

நண்டு விற்பவரிடம் நிறத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன், அது தொட்டியில் பிறந்ததா, மலையில் பிடித்ததா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.