ஓசோன் உடன்படிக்கையும் நாடுகளுக்கிடையே நீதியும்

உலக நாடுகள் கூடிச் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளுள் பல ஏட்டளவில் நின்றுவிடுவதை நாம் அறிவோம். இதற்கு விலக்காக விளங்குவது, ஓசோன் படலத்தைக் காக்க 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை. 197 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இதனை ஏற்றுள்ளன. இவ்வெற்றிக்கு அறிவியல் மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. கெடுத்தவர் யார், செலவை ஏற்க வேண்டியவர் யார் என்னும் நீதியின் வினாவுக்கு அது விடை கண்டது. அவ்விடையை ஆராய்வதே நம் நோக்கம்.

1. கேட்டின் இயல்பு

நிலத்திலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் வாயு மிகுந்து காணப்படுகிறது. கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் தீங்கு மிக்கவற்றை அது தடுக்கிறது. அது குன்றினால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். பயிர்களும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் கேடுறும்.

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் என்னும் செயற்கைப் பொருள்கள் நச்சற்றவை, தீப்பற்றாதவை எனப் போற்றப்பட்டன. எளிதில் சிதையாத அவற்றின் இயல்பே கேடாயிற்று. அவை மேலேறிச் சென்று, புற ஊதாக் கதிர்பட்டுச் சிதைந்து, குளோரின் அணுக்களை வெளிவிடுகின்றன. ஓர் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய இருவரும் இதனை எடுத்துரைத்தனர். 1995இல் வேதியியலுக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் பால் குருட்சனுக்கும் வழங்கப்பட்டது.

2. ஐயம் நீங்குமுன் எடுத்த முடிவு

1985 மார்ச்சில் வியன்னாவில் கூடிய நாடுகள் ஓசோன் படலத்தைக் காக்க ஒத்துழைப்பதென இசைந்தன; ஆயினும் எந்தப் பொருளையும் குறைக்க அவை உறுதி கூறவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், அண்டார்டிகாவின் மேல் வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைந்து வருவதை ஆங்கிலேய ஆய்வாளர் மூவர் வெளியிட்டனர். அக்குறைவுக்குக் குளோரினே காரணம் என்பதற்கான வலுவான சான்று 1987இல் உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே வெளிவந்தது. எனினும் நாடுகள் அதுவரை காத்திருக்கவில்லை. முதலில் பாதியளவு குறைப்பதென முடிவு செய்து, சான்றுகள் பெருகப் பெருக அளவைக் கடுமையாக்கும் வழியையும் உடன்படிக்கையிலேயே வகுத்தன.

3. பொறுப்பும் நீதியும்

இப்பொருள்களின் பெரும்பகுதியைச் செய்தும் பயன்படுத்தியும் வந்தவை செல்வ நாடுகளே. குளிர்பதனப் பெட்டியைக் கண்டறியாத கோடிக்கணக்கான வீடுகளைக் கொண்ட நாடுகளிடம் சென்று, “நீங்களும் நிறுத்துங்கள்” எனக் கூறுவது எவ்வாறு நீதியாகும்? ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 0.3 கிலோகிராமுக்கும் குறைவாகப் பயன்படுத்தும் வளரும் நாடுகளுக்கு உடன்படிக்கை 10 ஆண்டுகள் தவணை அளித்தது. ஆனால் தவணை மட்டும் போதாது. மாற்றுத் தொழில்நுட்பத்திற்குப் பொருள் வேண்டுமே! இந்தியாவும் சீனாவும் தொடக்கத்தில் வெளியே நின்றதன் காரணம் இதுவே.

1990 ஜூனில் இலண்டனில் கூடிய மாநாட்டில் இவ்வினா எழுந்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், இது பிச்சையன்று என்பது இந்தியாவின் வாதம். பிற உடன்படிக்கைகளுக்கும் இது முன்மாதிரியாகிவிடும் என அஞ்சி முதலில் மறுத்த அமெரிக்கா, பின்னர் இசைந்தது. இவ்வாறு பலதரப்பு நிதி உருவாயிற்று. முதல் மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் அது 24 கோடியாக உயரும் எனவும் முடிவாயிற்று. நிதியை ஆளும் குழுவின் 14 இடங்களில் 7 வளர்ந்த நாடுகளுக்கு, 7 வளரும் நாடுகளுக்கு. கொடுப்பவரும் பெறுபவரும் சமமாக அமரும் இவ்வமைப்பு பெரிதும் கருதத்தக்கது. சீனா 1991இலும் இந்தியா 1992இலும் உடன்படிக்கையில் சேர்ந்தன. வளரும் நாடுகளுக்கு 2010 வரை தவணை இருந்தும், மூச்சிரைப்பு நோய்க்கான மருந்துத் தெளிப்பான்களுக்கு வேண்டிய அளவு தவிர, இந்தியா 2008 ஆகஸ்டிலேயே இப்பொருள்களின் உற்பத்தியை நிறுத்தியது.

4. முடிவுறாப் பணி

ஒப்பம் இட்டதோடு பணி முடிந்துவிடவில்லை. தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று மீண்டும் மிகுதியாக வெளிப்படுவதை ஆய்வாளர் 2018இல் கண்டறிந்தனர். அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து எழுந்தது எனத் தெரியவந்தது. கண்காணிப்புக்குப் பின் அது குறைந்தது. மேலும், மாற்றாகக் கொண்ட ஹைட்ரோபுளோரோகார்பன்கள் ஓசோனுக்குத் தீங்கற்றவை எனினும் புவியை வெப்பமாக்குபவை. எனவே அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் இசைவு காணப்பட்டது. ஒரு தீமைக்குக் கண்ட மருந்து வேறொரு தீமையாகும்போது, அதனையும் திருத்திக்கொள்ளும் பணிவு இவ்வுடன்படிக்கையில் உண்டு.

முடிவாக, உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040 அளவிலும், அண்டார்டிகாவில் 2066 அளவிலும் 1980இன் நிலையை எய்தும் என 2022ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு கணிக்கிறது. இன்று முடிவெடுக்கும் இருக்கையில் அமர்ந்திருப்போரில் பலர் அதனைக் காணமாட்டார்கள். நீதி, ஒப்புரவு என்னும் சொற்களை நாள்தோறும் எடுத்தாளும் நாம் ஒன்றை உணர்தல் நலம். வலியவர் தம் பொறுப்பை ஒப்புக்கொண்டு அதற்குரிய பொருளையும் அளித்த பின்னரே எளியவர் ஒத்துழைத்தனர். இவ்வொழுங்கை மாற்றி, எளியவரிடம் முதலில் ஒத்துழைப்பைக் கேட்கும் முயற்சிகள் ஏன் தளர்கின்றன என்பதும் இதனால் விளங்கும்.