மண்வெட்டியோடு வந்த அந்நியர்கள்

உங்களுக்குத் தெரியுமா?

● முதல் உலகப்போரில் பிரான்சும் ஜெர்மனியும் 1916-இல் பத்து மாதம் மோதிக்கொண்ட இடம் வெர்டன். அதற்குப் பக்கத்தில் 304-ஆம் குன்றின் அடிவாரத்தில் ஒரு சிற்றூர். குண்டுவீச்சில் தரைமட்டமாகிப் போனது. போர் ஓய்ந்து இரண்டே ஆண்டில், 1920 நவம்பரில், அந்த ஊரை எடுத்துக்கட்ட ஒரு சிறு தொண்டர் குழு வந்து சேர்ந்தது. அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள்! இடிபாடுகளை அள்ளினார்கள், பாதைகளைச் செப்பனிட்டார்கள், குடியிருக்க மரவீடுகள் எழுப்பினார்கள். ஜெர்மானியர்கள் அங்கே இருப்பதற்கு எதிர்ப்பு கிளம்பவே, சில மாதங்களில் முகாம் கலைந்தது. பிள்ளைகளைப் போருக்குப் பறிகொடுத்த மண் அது. அந்தக் கசப்பைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அது தெரிந்தும் வந்து நின்றார்களே, அந்தத் துணிச்சலை என்னவென்பது!

● குழுவைக் கூட்டிவந்தவர் பியர் செரெசோல், சுவிஸ் பொறியாளர். அப்பா 1873-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவர். மகனோ ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர்.

● அவருடைய சகோதரர் எர்னஸ்ட் ராணுவத்தில் கர்னல். 1924-இல் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு தாக்கிய மலைக்கிராமத்தில் தொண்டர் முகாமைத் தலைமையேற்று நடத்தியவர் அவரேதான். ராணுவமே வேண்டாம் என்ற பியருக்கு இதைவிட நல்ல துணை கிடைத்திருக்காது.

● 1927-இல் ரைன் ஆறு கரை உடைந்து லிக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களை மணலும் கல்லுமாக மூடியது. மறு ஆண்டு எழுநூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து வந்து, மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக அவற்றை அகற்றினார்கள்.

● லண்டன் வட்டமேசை மாநாடு முடிந்து, 1931 டிசம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்தைப் பார்க்கச் சுவிட்சர்லாந்து சென்ற காந்தியை செரெசோல் சந்தித்தார். 1934 ஜனவரி 15-இல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. அந்த ஆண்டே செரெசோல் கப்பலேறி வந்துவிட்டார். நிலம் தாழ்ந்து வெள்ளம் சூழ்ந்த ஊர்களின் மக்களுக்கு, மேட்டில் புதுக் குடியிருப்புகள் அமைக்கும் வேலை. நிவாரணக் குழுவை முன்னின்று நடத்திய ராஜேந்திர பிரசாத்தோடு இணைந்து, ஐரோப்பியத் தோழர்கள் சிலருடன் பீகார் வெயிலில் மண் சுமந்தார். ஆளும் வெள்ளையரை மட்டுமே கண்டிருந்த கிராமத்தார், கூடையைத் தலைமாற்றித் தரும் வெள்ளையரை அப்போது பார்த்தார்கள். இந்த வேலை இடைவெளிகளோடு 1937 வரை நடந்தது.

● அவர் தொடங்கிவைத்த 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' அமைப்பின் சின்னத்தில் உடைந்த வாளும் மண்வெட்டியும் இருக்கின்றன. முகாம்கள் இன்றும் நடக்கின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். பயணச் செலவு தொண்டருடையது, சாப்பாடும் தங்குமிடமும் முகாமில். சம்பளம் கிடையாது.