ரிவால்வருக்குத் தோட்டா இடும் கைலாகவம்

ரிவால்வர் என்னும் கைத்துப்பாக்கியின் குணமும் குறையும் ஒரே உறுப்பில் அடங்கியிருக்கின்றன. அதன் நடுவே சுழலும் உருளையே அவ்வுறுப்பு. ஆறு அறைகளில் ஆறு தோட்டாக்களைத் தாங்கி, விசையை இழுக்குந்தோறும் ஒவ்வொன்றாய்க் குழலுக்கு நேரே கொணர்ந்து நிறுத்துகிறது அவ்வுருளை. ஆறும் தீர்ந்ததும் அது வெறும் இரும்பு. மறுபடி நிரப்பும் வரையில் அதனை ஏந்தி நிற்பவன் நிராயுதபாணியே. அந்த இடைவேளையைச் சுருக்குவது எப்படி என்னும் கேள்வி ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாய்ப் பலருடைய மூளைக்கும் கைக்கும் வேலை கொடுத்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் அது இன்று ஒரு பந்தய வித்தையாகவே வளர்ந்து நிற்கிறது. அதன் முறைகளை நமது நேயர்களுக்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஸாமுவேல் கோல்ட் 1836-ம் வருஷத்தில் அமெரிக்காவில் தம் ரிவால்வருக்குப் பேடண்ட் உரிமை பெற்றார். அக்காலத்து ரிவால்வரில் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து இடித்து, பின்புறம் கேப்புப் பொருத்த வேண்டும். இதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அறையைப் பின்புறமும் துளைத்து, தோட்டாவை அவ்வழியே நுழைக்கும் யோசனைக்கு 1855-ல் ரோலின் ஒயிட் என்பவர் உரிமை பெற்றார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் துப்பாக்கி ஒன்றுக்கு 25 ஸென்ட் கொடுப்பதாக உடன்பட்டு அவ்வுரிமையைத் தமக்கே தனியாக்கிக்கொண்டனர். ஆனால் உரிமையைக் காக்கும் வழக்குகளின் செலவு ஒயிட்டின் தலைமேல்! சட்டம் பயின்றவர்கள் இவ்வொப்பந்தத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நன்று. உரிமைக் காலம் 1869-ல் முடிவுற்றது. அதனை நீட்டிக்க வேண்டுமென்று ஒயிட் முயன்றார். ஜனாதிபதி கிராண்ட் அதற்கு இணங்க மறுத்துவிட்டார். அதன் பின்னரே ஏனைய உற்பத்தியாளர்களுக்கும் வழி திறந்தது.

கோல்ட் கம்பெனியார் 1873-ல் செய்த புகழ்பெற்ற ரிவால்வரில் பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, வெற்றுக் கூடுகளை ஒவ்வொன்றாய்த் தள்ளி, தோட்டாக்களை ஒவ்வொன்றாய் இட வேண்டியிருந்தது. 1889-ல் அதே கம்பெனியார் உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் அமைப்பைக் கொணர்ந்தனர். கோலை ஒருமுறை அழுத்தினால் ஆறு கூடுகளும் ஒருங்கே வெளியேறும். ஆகவே காலி செய்வது எளிதாயிற்று. நிரப்புவதுதான் கடினமாய் நின்றது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஆறு தோட்டாக்களையும் வட்டமாய்ப் பிடித்திருந்து, அறைகளில் ஒரே சமயத்தில் இறக்கிவிட்டு, தான் விலகிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று. இதனை ஸ்பீட் லோடர் என்பர். இங்கிலாந்தில் பிரிடோ என்பவர் 1893-லேயே இவ்வகைக் கருவிக்கு உரிமை பெற்றார். மற்றொன்று யுத்தத்தின் குழந்தை. 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் புகுந்தபோது, பட்டாளத்தின் தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் போதவில்லை. அவற்றின் தோட்டாவையே ரிவால்வரில் இட முனைந்தார்கள். அதற்கோ அடியில் புடைத்த விளிம்பு இல்லை; கோல் தள்ளினால் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. எனவே மூன்று தோட்டாக்களைக் கவ்வும் அரைச் சந்திர வடிவான எஃகுத் தகட்டை அமைத்தனர். பிற்காலத்தில் ஆறையும் ஒருங்கே கவ்வும் முழு வட்டத் தகடு வந்தது. மூன் கிளிப் என்று பெயர் பெற்ற இத்தகடு தோட்டாக்களோடு அறைக்குள் சென்று, வெற்றுக் கூடுகளோடு வெளியே விழும்.

இஃது என்ன விளையாட்டுப் பேச்சு என்று எண்ணுவோர் 1970-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதிக்குச் சிறிது முன்பின்னாக, கலிபோர்னியாவில் நியூஹால் என்னுமிடத்தில் நள்ளிரவில் நிகழ்ந்த கொடுமையை அறிய வேண்டும். அங்கே நெடுஞ்சாலைப் போலீஸார் நால்வர், இரண்டு குற்றவாளிகளோடு நேர்ந்த துப்பாக்கிச் சண்டையில் சில நிமிஷங்களுக்குள் மாண்டனர். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் பென்ஸ், ஆறு தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்து, உதிரித் தோட்டாக்களை ஒவ்வொன்றாய் இட்டுக்கொண்டிருந்த வேளையில், பகைவன் அருகே வந்து சுட்டுவிட்டான். பயிற்சிக் களத்தின் பழக்கத்தால் அவர் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. அஃது உண்மையன்று; கூடுகள் தரையிலேயே கிடந்தன. இறந்த வீரர் மேல் பொய்ப்பழி சுமத்தாமலே பெற வேண்டிய பாடம் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து நிற்பவனுக்கு உதிரித் தோட்டாக்களைக் கொடுத்து அனுப்பியது அமைப்பின் குறை. அக்கொடுமைக்குப் பின்னர் அத்துறையினர் ஸ்பீட் லோடரை ஏற்றுக்கொண்டனர். விலை கொடுத்த பின் வந்த ஞானம்!

இனிப் பந்தயக் களத்திற்கு வருவோம். செயல்முறைத் துப்பாக்கிப் பந்தயங்களுக்கான ஸர்வதேச சம்மேளனம் 1976-ல் அமெரிக்காவில் தோன்றிற்று. ரிவால்வர் ஒன்றையே போற்றும் ஸர்வதேச சங்கம் ஒன்று 1991-ல் எழுந்தது. முதற் சொன்ன சம்மேளனத்தின் விதிப்படி ரிவால்வர்ப் பிரிவினர் ஆறு முறை சுட்டதும் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும். நீண்ட கட்டம் ஒன்றில் 32 முறை வரையில் சுட நேரலாம். எனின் ஐந்து முறையேனும் தோட்டா இட வேண்டும். பெற்ற மதிப்பெண்ணை எடுத்த நேரத்தால் வகுத்தே முடிவு காண்பர். ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி மிச்சப்படுத்துபவன் ஐந்து விநாடி முந்துகிறான். குறி பார்ப்பதில் இத்தனை நேரத்தை மீட்பது அரிது.

கைமுறை இரண்டு வகை. முதலாவதில், வலக்கைப் பெருவிரல் பூட்டைத் திறக்க, துப்பாக்கி இடக்கைக்கு மாறுகிறது. இடக்கையின் நடு விரல்கள் இரண்டும் சட்டத்தின் ஊடே சென்று உருளையை வெளியே தள்ளுகின்றன. குழல் வாய் வானை நோக்க, இடப் பெருவிரல் கோலை ஒரே வீச்சில் முழுவதும் அழுத்துகிறது. உடனே குழல் வாய் தரையை நோக்கித் திரும்புகிறது. அதற்குள் வலக்கை இடைவாரிலிருந்து லோடரைக் கொணர்ந்து விடுகிறது. விரல் நுனிகள் தோட்டாக்களின் முனையருகே இருத்தல் வேண்டும். கண்ணை விட விரல் விரைவில் துவாரத்தை அறியும். இரண்டாவது வகையில் துப்பாக்கி வலக்கையை விட்டு நீங்குவதே இல்லை. எல்லா வேலையும் இடக்கையே செய்கிறது. பிடி மாறாமையால் அடுத்த குண்டு விரைவில் புறப்படும். ஆனால் நுண்ணிய வேலை பழக்கம் குறைந்த கையின் மேல் விழுகிறது. ஆகவே லோடர் கொண்டோருக்கு முதல் வகையும், ஒரே கட்டாய் விழும் மூன் கிளிப் கொண்டோருக்கு இரண்டாவதும் பொருந்தும் என்று கூறலாம்.

குழல் வாயை மேலே நிமிர்த்துவது அழகுக்காக அன்று. படுக்கையாய்ப் பிடித்துக் கோலை அரைகுறையாய் அழுத்தினால், வெற்றுக் கூடு ஒன்று தள்ளும் நட்சத்திரத் தகட்டின் கீழே சிக்கிக்கொள்ளும். எரியாத மருந்துத் துகள் அதனடியில் தங்கினாலும் உருளை மூடாது. மூன் கிளிப் சிறிது வளைந்திருந்தால் உருளை சுழலாமல் முரண்டும். பந்தயத்திற்கு முன் ஒவ்வொன்றையும் உருளையில் இட்டுச் சுழற்றிப் பார்ப்பது வழக்கம். அறைகளின் விளிம்பைச் சிறிது சாய்வாய் இழைப்பதும், வட்ட முனைத் தோட்டாக்களைத் தேர்வதும் நுழைவை எளிதாக்கும். சினிமாக்காரரைப் போல் மணிக்கட்டை உதறி உருளையை மூடுவது மட்டும் கூடாது. அதனைத் தாங்கும் கை வளைந்து துப்பாக்கி கெடும்.

இவ்வித்தையின் எல்லை எதுவரை என்பதை ஜெரி மிக்யூலக் என்னும் அமெரிக்கர் காட்டினார். 1999-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 625 என்னும் ஆறு தோட்டா ரிவால்வரால், ஆறு முறை சுட்டு, மூன் கிளிப்பால் நிரப்பி, மீண்டும் ஆறு முறை சுட்டார். அனைத்தும் சேர்ந்து 2.99 விநாடி! இவ்வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் அவர் துப்பாக்கியைத் தாழ்த்தியிருப்பார்.

இதனைக் கண்டு ஆரம்ப மாணவன் வேகத்தைத் துரத்தினால் இரண்டும் கெடும். விரல் விசையை விட்டு வெளியே நிற்றல், குழல் வாய் ஒருபோதும் பிறர் பக்கம் திரும்பாமை — இவ்விரண்டும் முதற் பாடங்கள். களத்தில் இவற்றைத் தவறியவன் எவ்வளவு கைகாரனாயினும் அன்றைய பந்தயத்திலிருந்து விலக்கப்படுவான். மருந்தில்லாப் பொய்த்தோட்டாவைக் கொண்டு, ஒவ்வோர் அசைவையும் பிரித்து, மெதுவாய், பிழையின்றி, நாள்தோறும் அப்பியாசம் செய்வதே முறை. தேவையற்ற அசைவு ஒவ்வொன்றாய் உதிர்ந்த பின் மிஞ்சுவதே வேகம்.

பத்துப் பதினைந்து தோட்டாக்களை ஒரே பெட்டியில் அடக்கும் தானியங்கிகள் மலிந்த இக்காலத்தில் இவ்வுழைப்பு எதற்கு என்று கேட்போர் உண்டு. குறைந்த கருவியைக் கொண்டு நிறைந்த காரியம் செய்யக் கற்றவன், நிறைந்த கருவி கிடைத்தபோது அதனை வீணாக்கான் என்பதே நமது விடை. நெருக்கடியில் மனிதன் புதிதாய் எதனையும் கற்பதில்லை, பழகியதையே செய்கிறான். ஆகையால் எதனைப் பழக்குகிறோம், எந்தக் கருவியைக் கையில் கொடுக்கிறோம் என்பதற்கு, பழக்குவோரும் கொடுப்போருமே பொறுப்பாளிகள். நியூஹாலில் மாண்ட நால்வரும் உலகிற்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.