பழைய ஜீப் பிக்-அப் வண்டியில் கோளாறு அறிதல்

ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டிய காலந்தொட்டு, கோவை வட்டாரத்தில் மோட்டார்த் தொழிலறிவு வேரூன்றியிருக்கிறது. பழைய வண்டிகளுக்குரிய உதிரி பாகங்களைத் தேடி உக்கடத்துக் கடைகளுக்கு வருவோர் பலர். ஆயினும் விளைபொருள் ஏற்றும் பிக்-அப் வண்டி கிளம்ப மறுத்தவுடன், செல்ப் மோட்டார், காயில், பேட்டரி என ஒவ்வொன்றாக மாற்றிக் கைப்பொருளை இழத்தல் அறிவுடைமையாகாது. குற்றம் எங்கே என்பதை முதலில் காணல் வேண்டும்.

வில்லிஸ் மரபில் வந்த தொடக்க கால ஜீப் வண்டிகள் 6 வோல்ட் அமைப்புடையவை. ஒரே அளவு வேலைக்கு, 12 வோல்ட் வண்டியில் ஓடுவதைப்போல் இருமடங்கு கரண்ட் இவற்றில் ஓடவேண்டும். துருவேறிய இணைப்பில் 1 வோல்ட் வீணானாலும் ஆறில் ஒரு பங்கு போயிற்று! செல்ப் சோம்பிச் சுழன்றால், வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து, மற்றொருவரைச் செல்ப் போடச் சொல்லுக. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த் இணைப்பில் உள்ளது. அது பூட்டியுள்ள இடங்களைப் பளிச்சிடத் தேய்த்து இறுக்குக. பெரும்பாலும் உப்புத்தாள் விலையோடு செலவு முடிந்துவிடும்.

செல்ப் நன்கு சுழன்றும் எஞ்சின் பற்றாவிடில் பொறியைச் சோதிக்க வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் கம்பியோடு சேர்த்து, எஞ்சின் இரும்பில் படுமாறு வைத்துச் சுழற்றுக. அருகில் பெட்ரோல் கசிவு இருத்தலாகாது. பொறி வெளிறியிருந்தால் டிஸ்டிரிபியூட்டர் பாயிண்டுகளை நோக்குக. வில்லிஸ் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம். பாயிண்டுகள் விரைவிற் கருகிக் குழி விழுமாயின் கண்டென்சரை ஐயுறுக. பாயிண்டை மட்டும் மாற்றுவோர் அடுத்த மாதமும் கடை வாசலில் நிற்பர்.

இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் டயாப்ரமும் அதைத் தாங்கா. பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் இழுவை குன்றினால், சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை அளந்து பார்க்கலாம். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் அழுத்தம் உயருமாயின் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க் கோலை உருவி முகர்ந்து பார்க்கவும் தவறலாகாது. பெட்ரோல் வாடை வீசினால், கிழிந்த டயாப்ரம் வழியே பெட்ரோல் எண்ணெயிற் கலக்கிறது எனக் கொள்ளலாம். நீர்த்த எண்ணெய் பேரிங்குகளைக் காவாது. பம்பைச் சீர்செய்து எண்ணெயை மாற்றும் வரை எஞ்சினை ஓட்டலாகாது.