கார் திரையில் ஒரு ஆப் ஏறும் வழி

“ஆப் ரெடிங்ணா. எங்க மாமா கார்ல போனை மாட்டினா பாட்டு வருது, மேப் வருது. என்னோட ஆப் மட்டும் வரமாட்டேங்குது. ஏனுங்?”

புதுச்சத்திரம் டீக்கடையில் இப்படிக் கேட்ட பையன் பாச்சல் பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். அவன் செய்திருப்பது சின்ன ஆப்தான், ஆனால் உபயோகமானது. சேலத்திலிருந்து நாமக்கல் வரும் வழியில் எங்கே பஞ்சர் கடை, எந்த பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு எந்த மெக்கானிக் போனை எடுப்பார் என்று ஒரு பட்டியல். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை, இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு என்றே சொல்லும் சாலை, ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. இந்த ரோட்டுக்கு அப்படியொரு பட்டியல் அவசியம் வேண்டும். அதனால் அவன் கேள்விக்குப் பொறுமையாகவே பதில் சொன்னேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மாமாவின் காரில் இருப்பது எந்த மாதிரித் திரை என்பது. கார் திரை என்று நாம் ஒரே பேரில் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

பெரும்பாலான கார்களில் இருப்பது ஆண்ட்ராய்டு ஆட்டோ, அல்லது ஐபோன்காரர்களுக்கு கார்பிளே. இரண்டும் 2014-இல் அறிவிக்கப்பட்டவை. இதில் கார் எதையும் ஓட்டுவதில்லை. ஆப் ஓடுவது பாக்கெட்டில் இருக்கும் போனில். கார் அதன் படத்தை வாங்கிக் காட்டுகிறது, விரல் பட்ட இடத்தைப் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது. வயரைப் பிடுங்கினால் திரையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

இரண்டாவது, ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் படித்தவர்களே குழம்புகிறார்கள். இங்கே காருக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆண்ட்ராய்டு அதில் ஓடுகிறது, போன் இல்லாமலே ப்ளே ஸ்டோர் திறக்கிறது. 2020-இல் போல்ஸ்டார் 2 கார் இப்படி முதலில் வந்தது. நம் பக்கம் பார்க்க வேண்டுமென்றால், பெங்களூர் அருகே ஹொசகோட்டையில் பூட்டி 2022-இல் விற்பனைக்கு வந்த வோல்வோ எக்ஸ்சி40 ரீசார்ஜ்.

மூன்றாவதை அக்சஸரீஸ் கடையில் பார்க்கலாம். பழைய கார் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு மாட்டித் தரும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. டேஷ்போர்டில் பதித்த டேப்லெட் என்றே அதைச் சொல்லலாம். எந்த ஆப்பையும் நேராக ஏற்றிக்கொள்ளலாம். ஓட்டிக்கொண்டே சினிமாவும் பார்க்கலாம். “அப்ப இதுல போட்டா வேலை சுலபம்ங்ணா” என்றான் பையன். சுலபம்தான், அங்கே யாரும் எதையும் சோதிப்பதில்லை. நூறைத் தொட்டு ஓடும் வண்டியில், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே படம் ஓடுவதை ஒருவரும் தடுக்காத ஒரு திரைக்கு நம்பி ஆப் எழுத எனக்கு மனசு வராது. அவனிடமும் அப்படியே சொன்னேன்.

இவை தவிர, கம்பெனிகள் தாங்களே கட்டும் திரைகளும் உண்டு. 2021-இல் எக்ஸ்யூவி700-உடன் மகிந்திரா கொண்டுவந்த அட்ரினாக்ஸ் ஒன்று. ஓசூரில் தயாராகும் ஏதர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் டேஷ்போர்டு ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டது. அங்கெல்லாம் உள்ளே எதை வைப்பது என்று முடிவு செய்வது அந்தக் கம்பெனி. தனி ஆளாக ஆப் எழுதுகிறவருக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வாசல் முதல் இரண்டும்தான்.

அடுத்தது, எந்த ஆப்புக்கு அனுமதி என்பது. போனில் எதை வேண்டுமானாலும் வெளியிடலாம். வண்டி ஓடும்போது கார் திரையில் வரவேண்டுமென்றால் ஆப் சில வகைகளுக்குள் அடங்க வேண்டும்: பாட்டு, பேச்சு போன்ற ஆடியோ, மெசேஜும் அழைப்பும், வழிகாட்டி, வழியில் உள்ள இடங்களைக் காட்டுவது, வீட்டுக் கதவு, லைட் மாதிரியான பொருள்களை இயக்குவது. இப்படிக் கொஞ்சம்தான். கூகுள் 2021-இல் வழிகாட்டி, பார்க்கிங், சார்ஜிங் ஆப்களுக்குக் கதவைத் திறந்தது. பிறகு பார்க்கிங்கும் சார்ஜிங்கும் இடங்களைக் காட்டும் வகைக்குள் சேர்ந்துகொண்டன. வீடியோவும் கேமும் ஆட்டோமோட்டிவ் கார்களில் உண்டு, வண்டி நின்றிருக்கும்போது மட்டும்.

பக்கத்துப் பெஞ்சிலிருந்த கோழிப்பண்ணைக்காரர் இந்த இடத்தில் உள்ளே வந்தார். “அப்ப முட்டை ரேட்டுங்க? நெக் அறிவிச்சதும் கார்லயே தெரிஞ்சா நல்லா இருக்குமே.” நல்ல கேள்வி. நெக் எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டல விலை அறிவிப்பை வைத்து இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேரின் பொழுது விடிகிறது. ஆனால் விலைப் பட்டியல் காட்டும் ஆப் என்று ஒரு வகை அங்கே கிடையாது. எழுத்தாகக் காட்டினால் எதிலும் அடங்காது. அதையே ஒரு நிமிட ஒலிச்செய்தியாக, தினமும் யாராவது படித்துப் பதிவுசெய்து கொடுத்தால், அது ஆடியோ ஆப் ஆகிவிடும். ஓட்டுகிறவர் கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்ளலாம். அவருக்கும் அது சரியென்று பட்டது.

பையனின் ஆப் இடங்களைக் காட்டும் வகையில் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அவனுக்குக் கசந்தது அதுதான்: போனில் அவன் அழகாக வரைந்த திரைகள் எதுவும் காருக்கு வராது.

நாமக்கல் பாடி பில்டிங் பட்டறைக்கு லாரி வெறும் சேசிஸாக வருகிறது. கேபின், பாடி, பெயின்ட், பூவேலை எல்லாம் நம் ஆட்கள் இஷ்டப்படி கட்டுகிறார்கள். கார் ஆப்பில் அது தலைகீழ். பாடியையும் சேர்த்து கூகுளே கட்டித் தந்துவிடுகிறது. நமக்கு லோடு ஏற்றும் வேலை மட்டும். அந்தப் பாடிக்கு டெம்ப்ளேட் என்று பெயர். பட்டியலுக்கு ஒன்று, மேப்போடு சேர்ந்த பட்டியலுக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று. எழுத்தின் அளவு, பட்டனின் இடம், இரவில் திரை கருப்பாவது எல்லாம் கார் பார்த்துக்கொள்ளும். நாம் கொடுப்பது பெயர், தூரம், ஐகான், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பது.

ஏன் இத்தனை கெடுபிடி? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. திரையில் எந்த வேலையானாலும் ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல் போகக்கூடாது, முழு வேலைக்கும் சேர்த்து 12 விநாடிக்கு மேல் கண் திரையில் இருக்கக்கூடாது என்றது. 2 விநாடியை நம் ரோட்டில் வைத்துப் பார்க்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் வண்டி 44 மீட்டர் போய்விடும். சர்வீஸ் ரோட்டிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் புல்லுக்கட்டோடு ஒருவர் குறுக்கே ஏற அந்த 44 மீட்டர் தாராளம். இந்த ரோட்டோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

அந்தக் கணக்கோடு பார்த்தால் விதிகள் ஒவ்வொன்றும் புரியும். பட்டியலில் சில வரிகள்தான்; 6 வரிக்காவது இடம் உண்டு என்று எண்ணி எழுதலாம், 60 வரியை ஏற்ற முடியாது. ஒரு வேலையை முடிக்க அதிகபட்சம் 5 திரை. விவரத் திரையில் 4 வரி, 2 பட்டன். பட்டனைத் தொட்டால் 2 விநாடிக்குள் ஏதாவது நடக்க வேண்டும். ஆப் 10 விநாடிக்குள் திறக்க வேண்டும். தானாக ஓடும் எழுத்து கூடாது. விளம்பரத்தை நோட்டிபிகேஷனாக அனுப்பக்கூடாது. லாகின் போன்ற வேலைகளை வண்டி நின்றால்தான் செய்ய முடியும் என்று பூட்டிவைக்க வேண்டும்.

பையனின் போன் ஆப்பில் ஒவ்வொரு கடைக்கும் நட்சத்திரம், கருத்து, ஐந்தாறு போட்டோ, மேலே எட்டு வகை வடிகட்டி. காருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தோம். டயர் வெடித்து ஓரங்கட்டியவருக்குப் போட்டோ எதற்கு? அவருக்கு வேண்டியது மூன்று: எவ்வளவு தூரம், இப்போது திறந்திருக்கிறதா, போன் நம்பர். அதனால் முதல் திரையில் மேப்போடு ஆறு கடை, அருகில் உள்ளது மேலே. அந்த டெம்ப்ளேட்டில் இடத்தின் வரி ஒவ்வொன்றிலும் தூரம் இருந்தே ஆகவேண்டும், அதை நாம்தான் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் விவரத் திரை. அதில் ‘வழி’, ‘அழை’ என்று இரண்டு பட்டன். ‘வழி’யைத் தொட்டால் காரில் இருக்கும் வழிகாட்டி ஆப் திறந்து கொண்டுபோய்ச் சேர்க்கும். ‘அழை’யைத் தொட்டால் டயலர். இரண்டே திரையில் வேலை முடிந்தது. வடிகட்டி அத்தனையும் போனோடு நின்றது.

தமிழுக்கென்று ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். நம் ஊர்ப்பெயர்களும் கடைப்பெயர்களும் நீளம். திரை விளிம்பில் வெட்டுப்பட்டுப் பாதியில் நிற்கும். இதற்கு ஒரே எழுத்துக்குப் பல நீளங்களில் வடிவம் கொடுக்க வசதி இருக்கிறது. ‘ஆண்டகளூர் கேட் டயர் ஒர்க்ஸ், 24 மணி நேரம்’ முதலில், ‘ஆண்டகளூர் கேட் டயர்’ அடுத்து, இடமே இல்லையென்றால் ‘டயர் கடை’. எது கொள்ளுமோ அதைக் கார் எடுத்துக்கொள்ளும். தமிழில் ஆப் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ் வேண்டாம், ஆங்கிலமே போதும் என்று கைவிடும் நிலை வந்துவிடும்.

இனி மாமா காரில் ஏன் வரவில்லை என்பது. பையன் ஆப் கோப்பை நேராகப் போனில் ஏற்றியிருந்தான். டெம்ப்ளேட் வைத்து எழுதிய ஆப், ப்ளே ஸ்டோர் வழியாக வந்திருந்தால்தான் உண்மையான காரில் தலை காட்டும். சோதனைக்கு மட்டும் திறந்த இன்டர்னல் டெஸ்டிங் வழியானாலும் போதும். அதற்கு முன்னால் ஆப்பின் மேனிஃபெஸ்டில் இது காருக்கும் உரியது, இன்ன வகை என்று எழுதியிருக்க வேண்டும். அவன் அதையும் எழுதவில்லை. எழுதாவிட்டால் கார் அந்த ஆப்பைத் தேடவே தேடாது.

கார் இல்லாமலும் சோதிக்கலாம். டெஸ்க்டாப் ஹெட் யூனிட் என்று கூகுள் இலவசமாகத் தரும் மென்பொருள் லேப்டாப்பில் ஒரு கார் திரையைத் திறக்கிறது. போனில் ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் வெர்ஷன் வரியை 10 தடவை தட்டினால் டெவலப்பர் மோடு வரும். போனை யூஎஸ்பியில் மாட்டி 5277 போர்ட்டைத் திறந்துவிட்டால் ஆப் லேப்டாப்பில் தெரியும். பகல், இரவு, வண்டி ஓடும்போதைய கட்டுப்பாடு எல்லாவற்றையும் அதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரவுத் தோற்றத்தைப் பார்க்காமல் விடவே கூடாது. இந்த ஆப்புக்கு வேலையே ராத்திரியில்தான்.

வெளியிடும் சம்பிரதாயங்கள் அவ்வளவு கஷ்டமில்லை. ப்ளே கன்சோல் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர், 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்டிங் நடத்திக் காட்டிய பிறகே எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். காருக்கென்று தனியாக ஒப்புதல் கொடுத்து ஆண்ட்ராய்டு ஆட்டோவைச் சேர்க்க வேண்டும். பிறகு ஆப்பை கார் விதிகளோடு ஒப்பிட்டுச் சோதிப்பார்கள். தள்ளுபடி ஆனால் காரணத்தோடு கடிதம் வரும். அதைப் பொறுமையாகப் படித்துத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதுதான். ஆட்டோமோட்டிவ் கார்களுக்கு அதே நிரலின் பெரும்பகுதி போதும், வெளியீடு மட்டும் தனி. ஆப்பிள் பக்கம் வருஷம் 99 டாலர். கார்பிளேவுக்கு எந்த வகை என்று சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்காமல் எழுதியும் பயனில்லை. அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

கடைசியாக டீ மாஸ்டர் கேட்டார்: “இதெல்லாம் காருக்குச் சரிங்க. லாரிக்கு?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த ரோட்டில் ராத்திரி டயர் வெடித்து நிற்பவர்களில் பெரும்பாலோர் லாரி டிரைவர்கள். அவர்கள் கேபினில் பெரும்பாலும் இந்தத் திரையே கிடையாது. டேஷ்போர்டில் செருகிய போன்தான். திரையில்லாத வண்டிகளுக்காகப் போனிலேயே ஓடிய ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் கூகுள் 2022-இல் நிறுத்திவிட்டது. 2020 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, கவனம் சிதறாமல் வழி பார்ப்பதற்கு மட்டுமே ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்தலாம். அதனால் காருக்காகச் சுருக்கிய அந்த இரண்டு திரையையே போன் ஆப்பிலும் முதல் பக்கமாக வைக்கச் சொன்னேன்: பெரிய எழுத்து, ஆறு கடை, ‘வழி’, ‘அழை’. நட்சத்திரமும் போட்டோவும் அதற்குப் பின்னால் போகட்டும். கார் பரிசோதனையின் முடிவு வருவதற்குள் இதை எழுதி முடித்துவிடலாம். இதற்கு யாருடைய தனி அனுமதியும் வேண்டியதில்லை.